திப்பிக் குழியில் நின்றவள்

எங்கள் ஜவ்வரிசி மில்லின் ஆபீஸ் அறையில், அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் உள்ள சுவரில், இரண்டு பலகைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஆளுயரம், அகலம் ஒரு சாண். முன்முனையில் நீல பிளாஸ்டிக் டிரம்மை அறுத்தெடுத்த வளைந்த துண்டு திருகாணிகளால் முடுக்கப்பட்டிருக்கிறது. நடுவில் கால் நுழைக்க சைக்கிள் டியூப். அதே ஆணியில், இரண்டு பலகைகளுக்கும் இடையே, ஒற்றைத் தோல் செருப்பு ஒன்றும் தொங்குகிறது. வலது கால் செருப்பு. காய்ந்து, வளைந்து, கருவாடு மாதிரி விறைத்துப்போனது. மில்லுக்கு வருகிறவர்கள் எல்லாரும், மரவள்ளிக் கிழங்கு கொண்டுவரும் விவசாயியிலிருந்து மீட்டர் பார்க்க வரும் ஆள் வரை, முதலில் அந்தச் செருப்பைத்தான் கேட்பார்கள். “ஏனுங்க, திருஷ்டிக்குங்களா?” பலகையைக் கேட்பவர்கள் குறைவு. நான் பலகையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். பலகை இல்லாமல் செருப்பு இல்லை. பலகைக்கு முன்னால் அக்கா.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். பிறக்கும்போதே பெரிய உடம்பு. ஊரில் யாரும் அவளைக் குண்டு என்று நேராகச் சொன்னது கிடையாது. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. “புள்ள நல்லா வாட்டசாட்டமா இருக்குதுங்க” என்பார்கள். சொல்லிவிட்டு உடனே என்னைப் பார்ப்பார்கள். நான் அப்போது ஈர்க்குச்சி. தையல்கார அம்மா எங்கள் இருவருக்கும் அளவெடுக்கும்போது என் இடுப்பு அளவை உரக்கச் சொல்வார். அக்காவின் அளவை வாய் திறக்காமல் நோட்டில் மட்டும் எழுதிக்கொள்வார். பஸ்ஸில் மூவர் உட்காரும் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தால், இடம் இருந்தாலும், மூன்றாவது ஆள் நின்றுகொண்டே வருவார். வீட்டில் அவள் தட்டில் நான்காவது இட்லி விழும்போது பேச்சு ஒரு நொடி நிற்கும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும். இதையெல்லாம் அவள் கவனிக்கவில்லை என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கவனித்திருக்கிறாள். ஆனால் ஒருநாளும் ஒடுங்கி உட்கார்ந்ததில்லை. கையைக் காலை நீட்டி, தனக்கு வேண்டிய இடத்தை முழுதாக எடுத்துக்கொண்டுதான் உட்காருவாள். அது எனக்கே எரிச்சலாக இருந்த காலம் உண்டு.

அவள் திருச்செங்கோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தாள். அங்கே மலையேற்றக் குழுவில் சேர்ந்தாள். கொல்லிமலையில் இறங்கும்போது கணுக்கால் பிசகிய ஒருத்தியை அவள் முதுகில் சுமந்துகொண்டு அடிவாரம் வரை வந்தது அந்தக் கல்லூரியில் பெரிய பேச்சு. அந்த வருஷக் கடைசியில் இமயமலைப் பக்கம் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்தபோது, அவள் பெயரும் வந்தது. ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, ரத்த வகை, உயரம், எடை, கீழே பெற்றோர் கையெழுத்து. திங்கட்கிழமை காலை ஒப்படைக்க வேண்டும். அவள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தாள். எடைக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

அன்றைக்குப் பார்த்து மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி, நாமக்கல்லில் நான்கு லாரி வைத்திருப்பவர். இளவயதில் தானே வண்டி ஓட்டிக் காஷ்மீர் வரை லோடு இறக்கியவர் என்பதால், எங்கள் வீட்டில் பனியைக் கண்ணால் கண்ட ஒரே ஆள். மடியில் ஒரு வரனின் ஜாதகமும் இருந்தது. அப்பா படிவத்தைப் படித்துவிட்டு மாமாவிடம் நீட்டினார்.

“மச்சான், பனின்னா நம்மூரு மார்கழிப் பனின்னு நெனச்சுப்போட்டீங்களா? நா பாத்திருக்கனுங்க. காத்தால ஒரு ஆளு வண்டிய உட்டு எறங்குனான், இடுப்பு வரைக்கும் காணாம். அவன் நம்ம சின்னவளாட்டம் ஒல்லிங்க.” அக்காவைப் பார்த்தார். “இந்தப் புள்ளைய அது அப்படியே முழுங்கிப்போடும். பொறவு கிரேன் வெச்சுத்தான் எடுக்கோணும்.”

அம்மா சிரித்தாள். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் சிரித்தேன். மற்றவர்கள் சிரித்ததை எழுதிவிட்டு என்னுடையதை விட்டுவிடக் கூடாது. அவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தேன். அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். அப்பா படிவத்தை மேஜை டிராயரில் போட்டு, “அங்க போயி மாட்டிக்கிட்டா ஆரு சாமி உன்னத் தூக்குறது?” என்றார். அவர் கேட்டது பயத்தில்தான், எனக்கு இப்போது தெரிகிறது. ஆனால் பயமும் கேலியும் ஒரே வார்த்தைகளைப் போட்டுக்கொண்டு வந்தால், கேட்பவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டு போனில் ஒரு வீடியோ காட்டினாள். புதுப் பனியில் இரண்டு பேர் இறங்கி வருகிறார்கள். ஒருவன் காலில் குச்சிபோல் ஒடுங்கிய பலகைகள். முழங்கால் வரை புதைந்து, பனியை உழுதுகொண்டு, திணறித் திணறி வருகிறான். இன்னொருத்தி காலில் அகலப் பலகைகள். அவள் பனிக்குள் வரவில்லை, பனிமேல் வந்தாள். “ஏன்னு சொல்லு பாக்கலாம். நீதான் பிசிக்ஸ்ல புலியாச்சே” என்றாள் அக்கா. நான் அப்போது பிளஸ் டூ. கேள்வி என்று ஒன்று வந்தால் நேற்று சிரித்ததெல்லாம் மறந்துபோகிற புத்தி எனக்கு, இன்றைக்கும்.

புதுப் பனி என்பது பெரும்பாலும் காற்றுதான். சின்னச் சின்னப் பூக்கள் ஒன்றன்மேல் ஒன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன. நடுவில் எல்லாம் காற்று இடைவெளி. மேலே எடை விழுந்தால் பூக்கள் நொறுங்கி நெருங்கும், நெருங்க நெருங்கக் கெட்டியாகும். தாங்குகிற அளவுக்குக் கெட்டியாகும் வரை கால் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அந்த இறக்கம் உடம்பின் எடையை மட்டும் பொறுத்ததில்லை. அந்த எடை எத்தனை இடத்தில் பரவி விழுகிறது என்பதைப் பொறுத்தது. பலகை ஒடுக்கமாக இருந்தால் மொத்தச் சுமையும் ஒரு கோட்டில் குத்தும். அகலமாக இருந்தால் அதே சுமை பரந்து விழும், பனி கொஞ்சம் அமுங்கியதுமே தாங்கிக்கொள்ளும். குறைவாகப் புதைந்தால் முன்னால் தள்ளவேண்டிய பனியும் குறைவு. வேகம் குறையாமல் இருக்கிறது. வேகம் இருந்தால் மேலே வளைந்த முன்முனை பனியை அடியில் வாங்கி வாங்கி ஆளையே தூக்குகிறது, ஏரியில் சாய்த்து எறிந்த ஓட்டுச்சில்லு தண்ணீர்மேல் தத்துகிற மாதிரி. நான் மூச்சு விடாமல் இதைச் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டாள்: “அப்ப என் எடைக்கும் மூழ்கறதுக்கும் நேரா சம்பந்தம் இல்லை?”

“பலகை அகலமா இருந்தா இல்லக்கா.”

“இதை மாமாவுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியுமா?”

“சொன்னா நம்பமாட்டாங்க. காட்டோணும்.”

எங்கே காட்டுவது என்பதில்தான் நான் தவறினேன். எங்கள் மில்லில் கிழங்கை அரைத்துப் பிழிந்த பாலைத் தொட்டிகளில் விடுவோம். மாவு அடியில் தங்கியதும் மேல்தண்ணீரை வடித்துவிட்டால், தொட்டி முழுக்க மொழுமொழுவென்று வெள்ளையாகப் பரந்து கிடக்கும். பார்த்தால் வீடியோவில் கண்ட பனிச்சரிவு. “மாவுத் தொட்டிக்கா!” என்று குதித்தேன். அந்தச் சனிக்கிழமை மீதிப் பொழுது முழுக்கப் பலகை செய்தோம். களத்தில் ஜவ்வரிசியைத் தள்ளப் பயன்படும் பலகைக்காக வாங்கிப் போட்ட மரத்தில் அவளுக்கு ஒரு சாண் அகலத்தில் இரண்டு, எனக்கு நாலு விரல் அகலத்தில் இரண்டு. ஒரு சாணில் நாலு விரல் மூன்று முறை அடங்கும். அவள் எடையோ என் எடையில் இரண்டு மடங்குகூட இல்லை. கணக்குப்படி மூழ்க வேண்டியவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவையும் மாமாவையும் தொட்டியருகே கூட்டிவந்தோம். களத்து மேஸ்திரியம்மாவும் நான்கைந்து பேரும் தாங்களாகவே வந்துவிட்டார்கள். அக்கா அகலப் பலகையுடன் மாவின்மேல் விறுவிறுவென்று நடந்தாள். மூழ்கவில்லை. நான் ஒடுங்கிய பலகையுடன் நடந்தேன். நானும் மூழ்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றுபோல் தடதடவென்று நடந்தோம். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தார். “இதுலயா? இதுல எங்கூட்டு எருமைகூட ஓடும் சாமி!”

ஈர மாவுக்கு ஒரு குணம் உண்டு. மெல்ல அமுக்கினால் குழையும். ஓங்கி மிதித்தால் கல்லாக நிற்கும். மில்காரர் வீட்டுப் பிள்ளை எதுவும் நடக்கப் பழகும்போதே இதைப் பழகிவிடும். நான் அந்தத் தொட்டியில் ஐந்து வயதிலேயே ஓடியிருக்கிறேன். வெள்ளையாக இருக்கிறதே என்ற ஒரே வேகத்தில் அது அத்தனையும் மறந்துபோயிற்று. போதாக்குறைக்கு, விற்க வேண்டிய மாவில் காலும் கட்டையும் பதித்துவிட்டோம். அப்பாவுக்குக் கோபம். மேஸ்திரியம்மாவிடம் மேல்மாவைச் சீவி எடுக்கச் சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் திரும்பி நடந்தார். படிவம் அந்த டிராயரிலேயே கிடக்கப்போகிறது, அதுவும் என்னால், என்று நினைத்தபடி பலகையில் ஒட்டிய மாவை வழித்தேன்.

“அப்பா, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதுங்க” என்றாள் அக்கா. “திப்பிக் குழி.”

மாவுப்பால் பிழிந்தபின் மிஞ்சும் கிழங்குச் சக்கைதான் திப்பி. வெயில் காலத்தில் பாறையில் காயவைத்துத் தீவனத்துக்கு விற்போம். மழைக்காலத்தில் காயாது, மில்லின் பின்புறம் ஒரு பெரிய குழியில் சேர்த்துவைப்போம். புளித்து நாறும். வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பொதபொதவென்று தொடையளவு கிடக்கும். நாய்கூட ஓரத்தோடு போய்விடும். ஓங்கி மிதித்தாலும் மெல்ல மிதித்தாலும் அது ஒன்றுபோலவே உள்ளே இழுக்கும். மாவைவிட அதுதான் பனிக்கு நெருக்கம் என்பதைப் பிசிக்ஸ் புலி யோசிக்கவில்லை, அக்கா யோசித்திருந்தாள்.

நான்தான் முதலில் இறங்கினேன். முதல் அடியில் கணுக்கால், இரண்டாம் அடியில் முழங்கால், மூன்றாவது அடி எடுக்கவே முடியவில்லை. பலகையோடு கால் உள்ளே மாட்டிக்கொண்டது. மேஸ்திரியம்மா கயிறு வீசி இழுத்துப் போட்டார். பிறகு அக்கா. இறங்கியதும் பலகையின் முனை திப்பிக்குள் குத்தி, முகம் குப்புற விழுந்தாள். மாமா, “பாத்தீங்களா மச்சான்” என்றார். அக்கா முகத்தை வழித்துக்கொண்டு எழுந்தாள். நேராகப் போய், வீடியோவில் இருந்ததுபோல் முனை மேலே வளைய வேண்டும் என்று, ஒரு காலி டிரம்மை ரம்பத்தால் அறுத்து, துண்டுகளைத் திருகாணி போட்டு முடுக்கினாள். அதற்கு ஒரு மணிநேரம் ஆகியிருக்கும். ஒருவரும் கலையவில்லை. அப்பாகூட ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை அவள் இரண்டு மூங்கில் கழியை ஊன்றி, காலைத் தூக்காமல் வழுக்கிக்கொண்டே போனாள். பலகை இரண்டு விரற்கடை அமுங்கியது, நின்றது. அடுத்தது அமுங்கியது, நின்றது. சரக் சரக் என்று குழியின் நட்டநடுவுக்குப் போனாள். மேஸ்திரியம்மா கைதட்டினார். நான் கத்தினேன். அப்பா எழுந்து நின்று, “போதும் சாமி, பாத்தாச்சு, மேல வா” என்றார்.

அக்கா அங்கேயே நின்றாள்.

“வாரனுங்கப்பா. மொதல்ல கையெழுத்துப் போடுங்க.”

“இதென்ன அடம்?”

“அடம் இல்லீங்கப்பா. நிக்கிறேன். அவ்வளவுதான்.”

இதை நாங்கள் திட்டமிடவில்லை. அவள் மட்டும் திட்டமிட்டிருந்தாளா என்று இன்றுவரை சொல்ல மறுக்கிறாள். ஆனால் அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் ஒன்று உறைத்தது. அவள் நிற்கிற இடத்துக்கு எங்களில் யாராலும் போக முடியாது. வீடு, பஸ், கல்யாண மண்டபம், எங்கே போனாலும் அதிக இடம் எடுக்கிறாள் என்று பார்க்கப்பட்டவள், தன் அகலத்தாலேயே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. “நீங்க சும்மா இருங்க மச்சான், நான்போயி இழுத்தாரேன்” என்று இறங்கினார். இரண்டே அடி. வலது கால் தொடை வரை உள்ளே. பிடுங்கினார், கால் வந்தது, செருப்பு வரவில்லை. அப்படியே தவழ்ந்து கரையேறினார்.

“முழுங்கிப்போடும்னு சொன்னீங்களாமா. சரியாத்தானுங்க சொல்லியிருக்கீங்க. ஆளுதான் மாறிப்போச்சு” என்றார் மேஸ்திரியம்மா. அவர் முகத்தில் சிரிப்பே இல்லை, அதனால் மற்றவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. நடுக்குழியிலிருந்து கேட்டாள்: “மாமா, போன வருஷம் ஏரி மணல்ல உங்க பிக்கப் வண்டி மாட்டுச்சே, என்ன பண்ணீங்க?”

மாமா வேட்டியைப் பிழிந்துகொண்டே, “டயர்ல காத்தெறக்கி உட்டேன்” என்றார்.

“எதுக்குங்க?”

“காத்தெறக்குனா டயரு பரந்து…” பாதியில் நிறுத்தினார். தான் சொல்லவந்த மீதி வாக்கியம் அவருக்கே கேட்டுவிட்டது.

“வண்டிக்குத் தெரிஞ்ச நியாயம் எனக்கு மட்டும் கெடையாதுங்களா மாமா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் திப்பிக் காலோடு ஆபீசுக்கு ஓடி, டிராயரைத் திறந்து, படிவத்தையும் பேனாவையும் கொண்டுவந்தேன். அவர் முழங்காலில் வைத்து மேலிருந்து கீழே படித்தார். எடைக் கட்டத்தில் விரல் நின்றது. “இது காலியா இருக்குது சாமி” என்றார், குரலைத் தாழ்த்தி, தையல்கார அம்மாவைப் போல.

அக்கா அந்த எண்ணைச் சொன்னாள். சொன்னாள் என்பது தவறு, கூவினாள். களத்தில் இருந்தவர்களுக்கு, கிழங்கு லாரியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, ரோட்டில் போனவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. வெட்கப்பட்டு அல்ல, அதைக் கூவும் உரிமை அவளுடையது, அவள் கூவியாயிற்று. அப்பா அந்த எண்ணைத் தன் கையால் கட்டத்துக்குள் எழுதினார். கீழே கையெழுத்திட்டார். பிறகு படிவத்தை உயர்த்திக் காட்டினார். அவள் சரக் சரக் என்று கரையேறினாள்.

போனாள். முதல் சில நாட்கள் அழுந்திக் கெட்டியான பனி. அங்கே கூர்விளிம்பு கடித்துப் பிடிக்க வேண்டும், சட்டென்று பக்கம் மாற்ற வேண்டும். ஒடுங்கிய பலகைக்காரர்கள் பறந்தார்கள், இவள் அகலப் பலகையைக் கேட்டு வாங்கி உருண்டு விழுந்தாள். அகலம் எல்லா இடத்துக்கும் மருந்தில்லை என்பதையும் அவளே போனில் சொன்னாள்; மறைக்கவில்லை. பிறகு இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. மூன்றாம் நாள் சாயங்காலம் எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. மூச்சிரைப்பு, காற்று, பின்னணியில் யாரோ இந்தியில் கத்துகிறார்கள். அதற்கு நடுவே அவள் குரல்: “புள்ள, மூழ்கல.” நான் அதை இன்னும் அழிக்கவில்லை.

இப்போது அவள் ஒவ்வொரு குளிர்காலமும் அந்த மலைக்குப் போய், முதன்முறை பனியில் கால் வைப்பவர்களுக்குக் கற்றுத்தருகிறாள். மீதி மாதங்கள் எங்கள் மில்லில். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கும் நான் சொன்ன எதற்கும் சம்பந்தமில்லை. நான் படித்து முடித்து, இரண்டு வேலையை விட்டு, மூன்றாவதாக இந்த மில்லில் மழைக்காலத்திலும் திப்பி காயவைக்க ஒரு இயந்திரம் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்காகப் போன வருஷம் குழியை வாரி சிமெண்ட் தளம் போட்டோம். அடியில் அந்தச் செருப்பு கிடைத்தது. மேஸ்திரியம்மாதான் கழுவிக் கொண்டுவந்து, “இதுக்கு எடம் எதுன்னு எனக்குத் தெரியும்” என்று பலகைகளுக்கு நடுவில் மாட்டினார்.

நான் இப்போது ஈர்க்குச்சி இல்லை. வீட்டுச் சோறும் நாற்காலி வேலையும் என்னையும் அகலமாக்கிவிட்டன. போன மாதம் மாமா ஆபீசுக்கு வந்தார், மடியில் ஒரு ஜாதகத்தோடு. இந்த முறை எனக்கு. எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, “சின்னவளும் பெரியவளாட்டமே ஆயிட்டயே சாமி. கொஞ்சம் நடந்து கிடந்து கொறச்சுக்கிட்டா நல்ல எடமா அமையும்” என்றார்.

தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அந்த அறைக்கு அவர் எத்தனையோ முறை வந்திருக்கிறார். அன்றைக்குத்தான் முதன்முறையாக நிமிர்ந்து பார்க்கிறார் என்று தோன்றியது. நீல டிரம் முனை, சைக்கிள் டியூப், நடுவில் வலது கால் செருப்பு. பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தச் செருப்பையாவது கழட்டி வீசுனா என்ன சாமி?” என்றார்.

“அது அங்கயே இருக்கட்டுங்க மாமா” என்றேன். “டீ வருது. ஏன் நுனியில உக்காந்திருக்கீங்க? நல்லா அகலமா உக்காருங்க.”